முதுகில் பூங்கோதை

முதுகில் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. காற்றுதான், வேறொன்றுமில்லை என்று மாசிலாமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆடி மாதத்துக் காற்று மேற்கிலிருந்து வீசி, கிழக்கே கல்லணையை நோக்கிப் போகிற சைக்கிள்களையெல்லாம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. திருவளர்ச்சோலையைத் தாண்டிய பிறகு அவர் சரியாக மிதிக்கக்கூட இல்லை. பெடலில் காலைச் சும்மா வைத்திருந்தாலே சைக்கிள் ஓடியது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. ஐம்பத்தாறு வயதில், எத்தனையோ வருஷங்கள் கழித்துச் சைக்கிள் ஏறியிருக்கிற மனுஷனுக்கு மூச்சு வாங்க வேண்டும், தொடை கடுக்க வேண்டும், அப்போதுதான் மனசு வேறெதையும் நினைக்காது என்று நம்பித்தான் இதற்கு ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டாரா? ஆஸ்பத்திரியில் அந்த ஆதரவுக் குழுப் பெண்கள் வந்து, புற்றுநோய்க்காரர்களுக்காகச் சைக்கிள் பயணம் போகிறோம், உங்கள் வீட்டிலிருந்து யாராவது வருவார்களா என்று கேட்டபோது பூங்கோதைதான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, “இவரு ஓட்டுவாரு. கல்யாணத்துக்கு முன்னாடி துவாக்குடியிலேர்ந்து லால்குடிக்குச் சைக்கிள்லயே வருவாரு என்னைப் பாக்க” என்று பேர் கொடுத்துவிட்டாள். கையில் ஊசி குத்தியிருந்தது, தலையில் முடி இல்லை, ஆனாலும் அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை. அந்தப் பெருமைக்காக வந்தார். வலப்பக்கம் காவிரி கலங்கலாகப் புரண்டுகொண்டிருந்தது. இடப்பக்கம் வாழைத் தோட்டங்கள், காற்றில் இலையெல்லாம் நார்நாராகக் கிழிந்து தொங்கின. முன்னால் போகிறவர்களின் முதுகில் எல்லாம் ஒரு சதுரத் துணி, அதில் ஒரு பேர். மஞ்சள், மஞ்சள், ஒரு வெள்ளை, மறுபடி மஞ்சள். அவரவர் முதுகில் அவரவர் ஆள். தன் முதுகில் இருப்பதைத் தவிர எல்லாரையும் வாசித்துக்கொண்டே வந்தார்.

நாளைக்கு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துச் சொல்வார். கீமோ முடிந்தபின் எடுத்த முதல் ஸ்கேன். நுரையீரலில் இருந்த அந்தப் புள்ளி போயிருக்கிறதா, அங்கேயே இருக்கிறதா, பக்கத்தில் இன்னொன்று வந்திருக்கிறதா. பிலிம் வீட்டில்தான் இருக்கிறது, பெரிய உறைக்குள், பீரோவின் மேல். நேற்று அவள் குளிக்கப் போன நேரத்தில் எடுத்து அடுப்படி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று தெரியும். ஆனால் முப்பது வருஷமாகப் பிலிம் பார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு. துவாக்குடிப் பட்டறையில் கொதிகலனுக்குக் குழாய்களைப் பற்றவைப்பார்கள்; பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்து அவரிடம் கொண்டுவருவார்கள்; அவர் இருட்டறையில் வெளிச்சப் பெட்டியின் மேல் அதைப் போட்டு விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். விரிசல் கறுப்பாகத் தெரியும். மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. கறுப்பைக் கண்டால் கழித்துவிட வேண்டும், வெளுப்பு என்றால் இரும்பு கெட்டியாக இருக்கிறது, நல்லது. பூங்கோதையின் பிலிமில் எல்லாமே தலைகீழாக இருந்தது. போன தடவை டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டியது ஒரு வெள்ளைப் புள்ளியை. நெஞ்சுக்கூட்டின் நல்ல இடமெல்லாம் கறுப்பு. அவருடைய கண் கறுப்பைப் பார்த்துப் பார்த்துத் திடுக்கிட்டது. பிறகு வெள்ளையைத் தேடித் திடுக்கிட்டது. எது ரத்தக்குழாய், எது அது என்று தெரியவில்லை. குளியலறைக் கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் உறைக்குள் திணித்தார். சரியான பக்கம் வைத்துத் திணித்தோமா? அவள் கவனித்திருப்பாளா? பட்டறையில் பையன்கள் அவரைப் பற்றி ஒன்று சொல்வார்கள், மாசிலாமணி சாரிடம் கண்ணாடியைக் கொடுத்தாலும் கீறல் கண்டுபிடிப்பார் என்று. அதைப் பாராட்டு என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தார்.

“சார், வீட்டம்மாவா?” என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. பழைய பச்சைச் சைக்கிள், பின்னால் கேரியர், அதில் கட்டிய ஒரு தண்ணீர் கேன். ஓட்டி வந்தவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். வெள்ளைத் தாடி காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கிளம்பும்போதே அறிமுகம் ஆகியிருந்தது: ரபீக் பாய், பாலக்கரையில் சைக்கிள் சாமான் கடை. அவர் முதுகில் வெள்ளைத் துணி. “ஆமாங்க பாய்” என்றார் மாசிலாமணி. “பூங்கோதை. என்னா அழகான பேரு. நான் பின்னாலயே வந்துக்கிட்டு இருக்கேன், பேரப் பாத்துக்கிட்டே. எப்ப சார் தவறுனாங்க?” மாசிலாமணிக்கு முதலில் கேள்வி எட்டவே இல்லை. பிறகு எட்டியது. ஹேண்டிலை விட்டு ஒரு கை தானாகத் தோளுக்குப் போனது. விரல் நுனியில் துணியின் ஓரம் பட்டது, இழுத்துத் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார், சைக்கிள் ஆடியது. வெள்ளை. “பாத்து சார், பாத்து” என்று பாய் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். “கேக்கப்படாததக் கேட்டுட்டேன். விடுங்க. நம்மளுக்கு மட்டும் என்ன? தங்கச்சி. பல்கீஸ். ஒத்தத் தங்கச்சி. வாயத் தெறந்தா மூட மாட்டா, அப்படிப் பேசுவா. இப்ப வீட்ல ரேடியோ போட்டாக்கூட சத்தம் பத்தல.” இல்லை பாய், என் மனைவி இருக்கிறாள், கல்லணையில் வேனில் வந்து காத்துக்கொண்டிருப்பாள், துணி மாறிவிட்டது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாய்வரை வந்தது. மூச்சு வாங்குகிறவர் போலத் தலையை மட்டும் ஆட்டினார்.

மாறிவிட்டதா? யார் மாற்றியது? காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு மேசை போட்டிருந்தார்கள். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மஞ்சள், மேலே ‘துணையாக’ என்று அச்சடித்திருக்கும். போய்விட்டவர்களுக்கு வெள்ளை, அதில் ‘நினைவாக’. இது வாட்சப் குழுவில் முந்தின வாரமே வந்தது. வாசித்தார். வாசித்தது ஞாபகம் இருக்கிறது, பூங்கோதையிடம் சத்தமாக வாசித்துக்கூடக் காட்டினார். “எனக்கு மஞ்சள் எடுப்பா இருக்கும்” என்றாள் அவள். அப்புறம் எப்படி? மஞ்சள் மேசையில் கூட்டம், இளவட்டங்கள், செல்பி, ஒரே கூச்சல். வெள்ளை மேசையில் நாலைந்து பேர் பேசாமல் நின்றிருந்தார்கள், அவர் வயசுக்காரர்கள். கூட்டம் இல்லாத பக்கம் கால் போனது, அவ்வளவுதான். அவ்வளவுதானா? மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எழுந்து நின்று, இரண்டு கையாலும் துணியை எடுத்து, “பேர் சொல்லுங்க அங்கிள்” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டபோதே எங்கே நிற்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா? மஞ்சள் மேசையில் யாரும் எழுந்து நிற்கவில்லையே. துணியின் நிறம் கண்ணில் படவில்லையா, நிறத்தைப் பார்த்துத்தானே சம்பளம் வாங்குகிறாய்? பட்டது. படவில்லை. அந்தப் பெண் முதுகுக்குப் பின்னால் போய் நாலு மூலையிலும் ஊக்குக் குத்தும்போது அவருக்கு நெஞ்சில் எதுவோ இளகி, ஒருவிதமான நிம்மதி வந்தது. அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெகு நாளாகப் போய்ச் சேராத ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது போல. அந்த நிம்மதியை இப்போது எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

காற்று விடவில்லை. பனையபுரம் வந்தது, போனது. பிரேக்கைப் பிடித்தபடி ஓட்டினார். பிரேக் பிடித்தாலும் துணியை யார் பிடிப்பது, அது பின்னால் அடித்துக்கொண்டே இருக்கிறது, பின்னால் வருகிற ஒவ்வொருவரும் வாசித்துக்கொண்டே வருகிறார்கள், பூங்கோதை போய்விட்டாள், பூங்கோதை போய்விட்டாள். அவர்களைச் சொல்லி என்ன? நீ எத்தனை தடவை அவளை அனுப்பி வைத்திருப்பாய். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடும். முதலில் யாருக்குப் போன் செய்வது? மகளுக்கு. இல்லை, மகளுக்கு நேரே சொல்லக் கூடாது, மாப்பிள்ளைக்கு. என்ன வார்த்தை சொல்வது என்பதுகூட முடிவாகிவிட்டது. எந்தப் போட்டோ? பழனியில் எடுத்தது வேண்டாம், அதில் கண்ணை மூடியிருக்கிறாள். மகள் கல்யாணத்தில் எடுத்தது. முன் ரூமில் சோபாவை நகர்த்தினால் இடம் போதும். பதினாறு முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாள், பட்டறை வாசலில் செக்யூரிட்டி எழுந்து நிற்கிற விதம், கேண்டீனில் யாரும் சத்தம் போடாமல் டீயை முன்னால் கொண்டுவந்து வைப்பது, அந்த டீயின் சூடு. எல்லாம் பார்த்தாயிற்று. பயத்தில்தான் நினைக்கிறேன், கெட்டதை முன்னாலேயே நினைத்துவிட்டால் அது வராது என்றுதான் நினைக்கிறேன் என்று சொல்லிக்கொள்வார். ஆனால் பயப்படுகிறவன் டீயின் சூடு வரைக்கும் போவானா? நினைத்து முடித்து வீட்டுக்கு வந்தால் அவள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். அப்போது ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளைப் பார்த்து அவருக்கு ஏமாற்றம் போல வரும். இல்லை, ஏமாற்றம் இல்லை. வேறென்ன பேர் அதற்கு? காத்திருந்து காத்திருந்து வந்த களைப்பு. டாக்டர் ஒவ்வொரு தடவையும் “பார்ப்போம்” என்பார். ஏதோ ஒன்று தெரிந்துவிட்டால் தேவலை என்று இருக்கும். விரிசல் என்றால் விரிசல், கழித்துவிடலாம், அடுத்த பிலிமை எடுக்கலாம். அடுத்த பிலிம் எது? சீ.

உத்தமர்சீலியில் எல்லாரையும் நிறுத்தினார்கள். பந்தலுக்கு அடியில் வாழைப்பழமும் மோரும். இங்கே கழற்றிவிடலாம், யாராவது ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, ‘அம்மா, தப்பாகக் குத்திவிட்டார்கள், மஞ்சள் ஒன்று இருந்தால் கொடுங்கள்’ என்று சொல்லிவிடலாம். சைக்கிளை நிறுத்தி அதே எண்ணத்தோடு திரும்பியபோது, குழுவின் தலைவி மைக்கில் பேசத் தொடங்கியிருந்தார். கல்லணைக்குள் நுழையும்போது வெள்ளைத் துணிக்காரர்கள் முன்னால் போக வேண்டும், அவர்கள் போகும்போது காத்திருக்கும் குடும்பங்கள் எல்லாரும் கைதட்டாமல் எழுந்து நிற்பார்கள், அதன்பிறகு மஞ்சள் வரும், அப்போது ஊரே அதிரும்படி கைதட்ட வேண்டும். வேனில் வந்தவர்களுக்கு அங்கே நாற்காலி போட்டிருப்பார்கள். பூங்கோதை, எழுந்திருக்க வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டாள், கையை ஊன்றி எழுந்து நிற்பாள், யார் யாருக்கோ மரியாதை செய்யத் தலையைக் குனிந்து நிற்பாள், நிமிர்ந்தால் நான். “மேடம், இவரு மாசிலாமணி சாரு. சம்சாரத்துக்காக வந்திருக்காரு. வர்ற வழியில பாவம், நெலகொலஞ்சு போயிட்டாரு” என்று ரபீக் பாய் அந்த அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா சார்?” இதுதான் கடைசி இடம், இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று கத்தியது. “இல்லம்மா” என்றது அவர் வாய். “கஷ்டப்படல. தூக்கத்துலயே. விடியற்காலைல காபி கொண்டுபோய் எழுப்பினேன்.” தடங்கலே இல்லாமல் வந்தது. காபி டம்ளர்கூடக் கையில் இருந்தது போலிருந்தது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்தார். பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாசிலாமணியின் கண்ணிலும் தண்ணீர், பொய்த் தண்ணீர் அல்ல, நிஜமாகவே கரகரவென்று வழிந்தது, யாருக்காக வழிகிறது என்று தெரியாமல் நின்றார்.

மறுபடி ரோடு. எல்லாரையும் முன்னால் விட்டார். மஞ்சள்கள் கடந்து போயின, பெண்கள் போனார்கள், தொப்பை போட்ட ஒருவர் போனார், கடைசியில் ஆம்புலன்ஸ் அவர் பக்கத்தில் வந்து மெதுவாகி, “ஏறிக்கிறீங்களா சார்?” என்றது, வேண்டாம், வந்துவிடுகிறேன் என்று கைகாட்டினார். காபி என்று ஏன் சொன்னேன்? அவளுக்குக் காபி பிடிக்காது. கீமோவுக்குப் பிறகு வாசனையே ஆகவில்லை. அப்படியானால் நான் கொன்றது அவளையா, வேறு யாரோ ஒரு பெண்ணையா? கிளிக்கூட்டைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் இறங்கினார். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுக் கையைப் பின்னால் வளைத்தார். மேலேயிருந்து எட்டினால் தோள்பட்டை வலித்தது, கீழேயிருந்து எட்டினால் துணியின் விளிம்புதான் கிடைத்தது. ஊக்குகள் நாலும் கைக்கு எட்டாத இடத்திலேயே இருந்தன. பலமாக இழுத்தார். துணி கெட்டி, கிழியவில்லை, பனியன்தான் கழுத்தை நெரித்தது. பனியனையே கழற்றிவிடலாம். கழற்றிவிட்டு வெற்றுடம்போடு கல்லணைக்குப் போய் என்ன சொல்வது? சொல்லலாம், வியர்த்தது என்று. எதை வேண்டுமானாலும் சொல்லலாம், இன்றைக்குத்தான் வாய் தங்குதடையில்லாமல் பேசுகிறதே. மரத்தண்டில் முதுகை வைத்துத் தேய்த்துக்கூடப் பார்த்தார், மாடு தேய்ப்பது போல. அப்போது எதிர்காற்றில் தலையைக் குனிந்து மிதித்தபடி அந்தப் பச்சைச் சைக்கிள் திரும்பி வந்தது. “என்ன சார், பஞ்சரா? அங்க வெள்ளைக்காரவுங்க எல்லாம் வரிசைல நிக்கிறாங்க, உங்களக் காணோம்னு நான் வந்தேன்.” தான் சொன்னது பாய்க்கே சிரிப்பாக இருந்தது. “வெள்ளைக்காரவுங்கன்னா, நம்ம ஆளுங்க.”

“பாய், இதக் கொஞ்சம் கழட்டி விடுங்க” என்றார் மாசிலாமணி. “ஏன் சார்?” “அவ இருக்கா.” பாய் புரியாமல் பார்த்தார். “என் பொண்டாட்டி இருக்கா பாய். செத்துப்போகல. அங்கதான் வந்து உக்காந்திருக்கா, கல்லணைல.” பாயின் கை தாடியில் அப்படியே நின்றது. “உசுரோடயா?” “உசுரோட.” “அப்ப மோர்ப் பந்தல்ல சொன்னது? காபி?” பாயின் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. அடித்துவிடுவார் போல ஒரு கணம் இருந்தது. “ஏன்யா,” என்றார், ‘சார்’ போய்விட்டிருந்தது, “காலைல அந்தப் பொண்ணு எனக்கு வெள்ளையக் குத்துறப்ப, நான் பக்கத்து மேசையையே பாத்துக்கிட்டு நின்னேன். ஒத்த மஞ்சத் துணி. அது கெடைக்குமான்னு. கையெட்டுற தூரத்துல இருந்ததய்யா. நீ அத வேணாம்னுட்டு இங்க வந்து நின்னியா?” “தெரியாம நின்னுட்டேன் பாய்.” “தெரியாமலா?” அதற்குமேல் பாய் கேட்கவில்லை. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார், திடீரென்று தொடையில் தட்டிச் சிரித்தார், “அந்தம்மா நல்லாருக்கட்டும், நூறு வருஷம் இருக்கட்டும், திரும்புய்யா” என்றார். திரும்பினார். முதல் ஊக்கு கழன்றது. இரண்டாவது துருவேறியதோ என்னவோ, பாய் பல்லைக் கடித்துத் திருகினார், அதுவும் கழன்றது. துணியின் ஒரு பக்கம் அவிழ்ந்து காற்றில் கொடி மாதிரி அடித்தது. “ஏங்க” என்று ரோட்டிலிருந்து குரல் வந்தது.

பூங்கோதை நடந்து வந்துகொண்டிருந்தாள். அரக்கு நிறத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தாள். காற்று எதிரே அடித்ததால் புடவை காலோடு ஒட்டி, ஒவ்வோர் அடியையும் நிதானித்து வைத்தாள். “எல்லாரும் வந்துட்டாங்க, உங்கள மட்டும் காணும். விழுந்து கிழுந்து தொலச்சீங்களோன்னு வேன்காரர இங்க கொண்டாந்து எறக்கிவிடச் சொன்னேன். அவரு அந்த வளைவுலயே நின்னுட்டாரு.” மாசிலாமணி அவளைப் பார்த்தபடி நின்றார். முதுகு மரத்தின் பக்கம் இருந்தது. அவள் ரோட்டை விட்டு இறங்கி வர வர அவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, நெஞ்சையே அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பாய் அவளை, ஊரிலில்லாத அதிசயத்தைப் பார்ப்பவர் போலப் பார்த்தார். “வாங்கம்மா. நல்லாருக்கீங்களாம்மா?” “இருக்கேங்க” என்றாள் அவள், இது யார் என்பது போலக் கணவனைப் பார்த்து. “என்ன, பின்னால என்னத்த மறைக்கிறீங்க?” ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் எடுத்தார். காற்று, புளிய இலைகள், ஆற்றின் இரைச்சல், அவள் கழுத்தில் வியர்வை. அவள் மூச்சு வாங்குவது தெரிந்தது. அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள். இத்தனை நாளாகத் தன் நினைப்பில் வந்துபோன பெண்கள் ஒருத்தியும் மூச்சு வாங்கியதில்லை என்று தோன்றியது. மாசிலாமணி சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

துணி அடிப்பது நின்றது. அவள் அதைக் கையால் பிடித்திருக்கிறாள். வாசிக்கிறாள். அவருக்கு அவள் முகம் தெரியவில்லை. எதிரே பாயின் முகம்தான் தெரிந்தது, பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுத்து நல்லாருக்கே. யாரு எழுதுனது?”

“ஒரு பொண்ணு.”

“வெள்ளைன்னா என்னன்னு தெரிஞ்சுதான வாங்குனீங்க?”

“தெரியல” என்றார். காலையிலிருந்து தன்னைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகளில் அது ஒன்றுதான் உண்மையாக இருந்தது. “சத்தியமாத் தெரியல பூங்கோதை.”

“எனக்குத் தெரியும்” என்றாள். கோபம் போலவும் இல்லை, அழுகை போலவும் இல்லை. “ரெண்டு மாசமா எது எது எங்க இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. உளுந்து எந்த டப்பா, சாமி வெளக்குத் திரி எங்க, குளிருக்குப் போர்த்துற கம்பளி எங்க. நானும் ஒண்ணொண்ணா சொல்லிக்கிட்டே வரேன்.”

மூன்றாவது ஊக்கு கழன்றது. நாலாவதும். அவளுக்குச் சிரமமே இருக்கவில்லை. முதுகு திடீரென்று வெறுமையாகி, நனைந்த பனியனில் காற்று சில்லென்று பட்டது. திரும்பினார். ஊக்குகளை உதட்டில் கவ்வியபடி அவள் துணியை வயிற்றோடு வைத்து நீவி, பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்தாள், இஸ்திரி போட்ட துணியை மடிப்பது போல. தோளில் தொங்கிய பையைத் திறந்து உள்ளே வைத்தாள். கசக்கி எறிந்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

“அத எங்க வைக்கப் போற?”

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்று தெரிந்தது. பூங்கோதை உதட்டிலிருந்து ஊக்குகளை எடுத்தாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“சொல்ல மாட்டேன்” என்றாள்.